ஆட வைத்த போலி: ஒரு நார்தர்ன் சோல் கூடத்தில் பத்து மாதங்கள்

பின்னணி

இங்கிலாந்தின் லங்காஷயரில், பருத்தியாலைகள் மூடி ஒரு தலைமுறை கடந்துவிட்ட ஊர் அது. முன்னாள் படைவீரர் மன்றத்தின் மாடிக் கூடத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை சோல் இரவு நடக்கும், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய சோல் பாட்டுகளை ரெக்கார்டு தட்டில் போட்டு ஆடும் இரவு. எட்டு மணிக்குக் கதவு திறந்தால் ஒரு மணிக்கு விளக்கைப் போடுவார்கள். நூறு, நூற்றிருபது பேர் வருவார்கள். பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒலியமைப்பு என் பொறுப்பு. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் பாட்டின் பெயரையும் விட்டுவிட்டு, இந்தக் கூடத்தில் அசல் என்று நம்பிப் போட்ட ஒரு போலித் தட்டின் கதையை எழுதுகிறேன். பாட்டின் பெயரைச் சொன்னால், தட்டை விற்றவர் யாரென்று கண்டுபிடிக்க இந்த வட்டத்தில் அரை நாள் போதும்.

அறியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1960களின் நடுவில் மோட்டவுன் என்ற டெட்ராய்ட் ரெக்கார்டு கம்பெனியின் வெற்றியைப் பார்த்து டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் சின்னச் சின்ன ரெக்கார்டு கம்பெனிகள் முளைத்தன. அதே ஓட்டமான தாளம், அதே டாம்பரின், அடிவயிற்றிலிருந்து வரும் அதே குரல். வானொலியில் போடவைக்கத்தான் காசில்லை. சில நூறு தட்டுகளை அச்சடித்தார்கள், விற்கவில்லை, கிடங்கில் போட்டு மறந்தார்கள். அந்தத் தட்டுகளை வட இங்கிலாந்தின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் தேடிப் பிடித்து ஆடினார்கள். லண்டனில் ரெக்கார்டு கடை வைத்திருந்த டேவ் காடின் என்ற பத்திரிகையாளர், கால்பந்து பார்க்க வடக்கிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் பாட்டுகள் தனி ரகமாக இருப்பதைக் கவனித்தார். கடைக்குள் அடையாளத்துக்காக அவர் வைத்த பெயர்தான் நார்தர்ன் சோல். 1970இல் அதைப் பத்திரிகையில் எழுதினார். இந்தப் பாட்டுகள் ஓடிய நடன மன்றங்களில் மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் 1971இல் மூடியது. 1973 செப்டம்பரில் திறந்த விகன் கேசினோ (பெயர்தான் கேசினோ, அது நடனக் கூடம்) 1981 டிசம்பர் வரை ஓடியது. மதுக்கடை கிடையாது, நள்ளிரவு தாண்டித் தொடங்கி ஞாயிறு விடியும்வரை ஆட்டம். எங்கள் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பதினெட்டு வயதில் அங்கே ஆடியவர்கள்.

தட்டு அரிதாக அரிதாக விலை ஏறும். ஃபிராங்க் வில்சன் 1965இல் மோட்டவுனின் துணைக் கம்பெனி ஒன்றுக்குப் பாடிய 45 (நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிறு தட்டு) ஒன்று, 2009இல் 25,742 பவுண்டுக்கு விற்றது. அதே பாட்டுதான் எழுபதுகளில் எடி ஃபோஸ்டர் என்ற வேறு பெயரில், திருட்டு அச்சாக, இங்கிலாந்து முழுக்கச் சுற்றியது. இந்த வட்டாரத்தில் திருட்டு அச்சுக்கு பூட்லெக் என்று பெயர். அசல் எவ்வளவு பழையதோ, கிட்டத்தட்ட அவ்வளவு பழைய பூட்லெக்குகளும் உண்டு. ஐம்பது ஆண்டு தூசி படிந்த பிறகு இரண்டும் ஒரே மாதிரி தாத்தா ஆகிவிடுகின்றன.

எங்கள் கூடத்தின் சுவரொட்டியிலும் ஓ.வி.ஓ. என்ற மூன்றெழுத்து இருந்தது. ‘ஒரிஜினல் வைனல் ஒன்லி’, அதாவது அசல் வைனல் மட்டும்; வைனல் என்பது தட்டு செய்யும் ஒரு வகை பிளாஸ்டிக். பாட்டு முதலில் வெளிவந்த காலத்துத் தட்டை மட்டுமே போட வேண்டும். பூட்லெக் கூடாது, மறுவெளியீடு கூடாது, மடிக்கணினி கூடவே கூடாது. நம்மூர்க் கல்யாண வீட்டுக்கு ரேடியோ செட் கட்டியவரின் தட்டுப் பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு இருந்தால் அந்தப் பெட்டிக்கு மதிப்பு. இங்கே யாரிடமும் இல்லாத தட்டு இருந்தால்தான் மதிப்பு.

வாங்கிய இரவு

எங்கள் டிஜேக்களில் ஒருவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைச் சேகரிப்பாளர் என்றே சொல்கிறேன். நாற்பது ஆண்டு சேகரிப்பு. இரண்டு பெட்டி நிறைய நல்ல தட்டுகள். ஆனால் ‘இது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது’ என்று ஊர் பேசும்படி ஒன்றுகூட இல்லை. இது அவருக்கு ஒரு குறையாகவே இருந்தது. பதினேழு வயதில் கேசினோவில் கேட்ட ஒரு பாட்டைப் பற்றி எப்போதும் பேசுவார். 1966இல் லாஸ் ஏஞ்சலஸில் வந்த தட்டு.

2022 அக்டோபர் கடைசியில் வேறோர் ஊரில் விடிய விடிய நடந்த சோல் இரவுக்கு, ஆல்நைட்டருக்கு, போனார். அங்கே நடனக் கூடத்தை ஒட்டிய அறையில் ரெக்கார்டு வியாபாரிகள் மேசை போட்டிருப்பார்கள். அதிகாலை இரண்டரை மணிக்கு, ஒரு மேசையில், உறைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தபோது அந்த லேபிள் கண்ணில் பட்டது. விலை 900 பவுண்டு. கைப்பேசி விளக்கில் இரு பக்கமும் பார்த்தார். கீறல் இல்லை. போட்டுக் கேட்க வியாபாரியிடம் சின்ன ரெக்கார்டு பிளேயர் இருந்தது; பக்கத்து அறையின் இரைச்சலில் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்து அரை நிமிடம் கேட்டார். ‘இன்னொருத்தர் பணம் எடுத்துவரப் போயிருக்கிறார்’ என்று வியாபாரி சொன்னாராம். ரொக்கமாகக் கொடுத்து வாங்கிவிட்டார். ரசீது இல்லை.

முதல் நான்கு மாதங்கள்

2022 நவம்பர் 5. வெளியே ஊரெங்கும் வாணவேடிக்கை. பத்தரை மணிக்கு அந்தத் தட்டைப் போட்டார். முதல் பியானோ அடி விழுந்ததும் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. சோல் இரவுகளில் இந்தச் சத்தத்தைத்தான் நான் கவனிப்பேன். கைதட்டல் மரியாதைக்காகவும் வரும். நாற்காலியை யாரும் மரியாதைக்காகத் தள்ளுவதில்லை. தரையில் டால்கம் பவுடரைத் தூவி, தோல் அடிப்பாகம் வைத்த செருப்புகளோடு ஐம்பது அறுபது பேர் இறங்கினார்கள். ஒரு பெண்மணி பாட்டு முடியும்வரை அழுதுகொண்டே ஆடினார்.

டிசம்பரிலும் ஜனவரியிலும் இதுவே. பக்கத்து ஊர்களிலிருந்து அந்த ஒரு தட்டுக்காக வந்தவர்கள் இருந்தார்கள். சேகரிப்பாளருக்கு இரண்டு வெளியூர் அழைப்புகளும் வந்தன.

இங்கே என் தவறு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அவருடைய மற்ற தட்டுகளைவிட இது தெளிவாகவும் உரக்கவும் ஒலித்தது. பாட்டின் தொடக்கத்தில் இரைச்சலே இல்லை. இவ்வளவு ஆண்டு டிஜேக்கள் கையில் புழங்கிய தட்டில் அது நடக்கக் கூடாது. பாட்டு தொடங்கும் இடத்தைப் பிடிக்க ஊசியை வைத்துத் தட்டை முன்னும் பின்னும் அசைக்கும்போது அந்த முதல் சுற்று தேய்ந்துவிடும். சரசரப்பு நிரந்தரமாகத் தங்கும். அது இல்லாததைக் கவனித்தேன். யாரோ பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் சரணத்தில் ‘டிக், டிக், டிக்’ என்று மூன்று சொடுக்குகள் கேட்டன. அதையும் கவனித்தேன். கேட்கவில்லை.

சந்தேகம்

2023 பிப்ரவரி இரவுக்கு விருந்தினர் டிஜேவாக வந்தவர் எழுபதைத் தாண்டியவர். விற்பதும் வாங்குவதுமாகவே வாழ்ந்தவர். சேகரிப்பாளருக்கு அடுத்து அவர் முறை. தட்டைச் சுழற்றும் டெக்குக்குப் பக்கத்தில் காத்திருந்தபோது சுழலும் தட்டை உற்றுப் பார்த்தார். கூட்டத்துக்கு நடுவில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணிக்கு மேல், பெட்டிகளைக் காரில் ஏற்றும்போது, ‘அந்தத் தட்டை ஒருதரம் கையில் கொடுங்கள்’ என்று கேட்டார். வாங்கி, நகத்தால் விளிம்பில் தட்டினார். ‘நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்’ என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் சேகரிப்பாளர் வீட்டுச் சமையலறை மேசையில் பார்த்தோம். ஏற்பாட்டாளரும் வந்திருந்தார், இந்த இரவைத் தொடங்கி நடத்திவரும் பெண்மணி அவர்.

அமெரிக்காவில் அன்று 45 தட்டுகள் இரண்டு விதமாகச் செய்யப்பட்டன. வைனலைச் சூட்டில் அழுத்தி எடுப்பது ஒன்று. ஸ்டைரீன் என்ற கடினமான பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்துவது இன்னொன்று. வைனல் வளையும், தட்டினால் மந்தமான ஓசை. ஸ்டைரீன் வளையாது; தட்டினால் கணீரென்று கேட்கும். வைனலில் லேபிள் அழுத்தும்போதே தட்டோடு ஒன்றிவிடும். ஸ்டைரீனில் காகித லேபிளைப் பிறகு ஒட்டுவார்கள். விரல் வைத்தால் ஓரம் தட்டுப்படும். இந்தப் பாட்டின் அசலை அச்சடித்தது லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை. மோனார்க்கின் தட்டுகளில் பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில், ஒரு சிறு முக்கோணமும் அதை ஒட்டி வேலை எண்ணும் கையால் கீறியிருக்கும். ஒரு வட்டத்துக்குள் எம்.ஆர். என்ற முத்திரையும் பதிந்திருக்கும்.

எங்கள் கையில் இருந்தது வளைந்தது. லேபிளுக்கு ஓரம் இல்லை. முக்கோணமும் எண்ணும் இருந்தன, கொஞ்சம் தடுமாறிய கையெழுத்தில். வட்ட முத்திரை இல்லை. கீறலைப் பார்த்து இன்னொரு கை அப்படியே கீறிவிடலாம்; முத்திரைக்கு முத்திரைக் கட்டை வேண்டும்.

அந்த மூன்று சொடுக்குகள்தான் மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்தன. பாட்டைக் கணினியில் பதிந்து அளந்தேன். சொடுக்குகளுக்கு இடையே 1.33 நொடி, நிமிடத்துக்கு 45 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுதான். அதாவது குறுக்கே விழுந்த ஒரு கீறல், அடுத்தடுத்த மூன்று சுற்றுகளில் ஊசியைத் தட்டியிருக்கிறது. ஆனால் இந்தத் தட்டில் அந்த இடத்தில் கீறலே இல்லை. கீறல் வேறொரு தட்டில் இருந்தது. யாரோ ஓர் அசலை ஓட்டி, அதன் ஒலியைக் கீறலோடு சேர்த்துப் படியெடுத்து அச்சடித்திருக்கிறார்கள்.

சேகரிப்பாளர் எழுந்துபோய்க் கெட்டிலை வைத்தார். மூவருக்கும் தேநீர் வரும்வரை யாரும் பேசவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் அவர் சொன்னது, பேசாமல் பெட்டியில் வைத்துவிடுகிறேன், யாராவது கேட்டால் விற்றுவிட்டேன் என்கிறேன் என்பது. மனித இயல்புதான். ஏற்பாட்டாளர் ஒத்துக்கொள்ளவில்லை. விருந்தினருக்குத் தெரியும், அவர் வாய் திறக்காவிட்டாலும், விற்றதாகச் சொன்னால் யாருக்கு என்று கேட்பார்கள். தவிர, ஓ.வி.ஓ. என்று போட்டுப் பணம் வாங்கிய நான்கு இரவுகள் இருக்கின்றன. ‘நாம் சொன்னால் அது தவறு. பிறர் சொன்னால் அது மோசடி’ என்றார். நான் அந்தக் கட்சி.

ஆக, மூன்று முடிவுகள். மார்ச் இரவில் சேகரிப்பாளரே மைக்கில் சொல்வது. தட்டை இனிப் போடுவதில்லை. விற்றவரின் பெயரைப் பொதுவில் சொல்லாமல், நேரில் பணத்தைக் கேட்பது. மூன்றாவதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அடுத்தவர் ஏமாறமாட்டார் என்பது என் வாதம். விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், நம்மவரும் நாற்பது ஆண்டு அனுபவத்தோடு ஏமாந்தவர்தானே என்பது ஏற்பாட்டாளரின் வாதம். அவர் சொன்னதே நடந்தது. அது சரியா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

மார்ச் 4 அன்று, கூட்டம் இன்னும் உட்கார்ந்திருந்த ஒன்பதரை மணிக்கு, சேகரிப்பாளர் இரண்டு நிமிடம் பேசினார். தாளில் எழுதிவைத்திருந்தார், கை நடுங்கியது. முடித்ததும் ஓர் அமைதி. பின்வரிசையிலிருந்து ஒருவர், ‘அப்படியென்றால் நவம்பரில் என் முட்டி போனது எந்தப் பாட்டுக்கு?’ என்று கேட்க, கூடம் சிரித்துவிட்டது. எல்லாரும் சிரிக்கவில்லை. இருவர் ஏற்பாட்டாளரிடம் போய், இனி அவர் பெயர் சுவரொட்டியில் இருந்தால் வரமாட்டோம் என்றார்கள். பெயர் இருந்தது, அவர்கள் வரவில்லை.

பணம் பாதி வந்தது. விற்றவர், பெரிய தொகுப்பாக வாங்கிய பெட்டியில் வந்த தட்டு, அசல் என்றே நம்பினேன் என்றார். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் அவர் சொன்ன வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். ஆனால் அவர் என்ன சொன்னார் என்பதற்கு எழுத்தில் ஒரு வரி இல்லை. 450 பவுண்டோடு விஷயம் முடிந்தது.

அசல் வந்தபோது

கதை இங்கே முடிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். மார்ச் அறிவிப்பைக் கேட்டு மனம் இளகிய ஒருவர் யார்க்‌ஷயரில் இருந்தார். அவரிடம் அந்தப் பாட்டின் அசல் இருந்தது. ஒரு மாதத்துக்கு இரவலாகத் தந்தார். வட்ட முத்திரை, ஒட்டிய லேபிள், கணீரென்ற ஓசை, எல்லாம் சரி.

ஜூன் இரவில், சேகரிப்பாளர் அதை அறிவித்துவிட்டுப் போட்டார். மறுபடி நாற்காலிகள் நகர்ந்தன. முதல் பத்து நொடி வெறும் சரசரப்பு. ஸ்டைரீன் ஊசிக்குத் தாங்காது. ஐம்பது ஆண்டுகளில் பள்ளத்தின் சுவர் பொடிந்திருந்தது. உச்சக் குரல் வரும் இடமெல்லாம் பிசிறு. ஒலியும் கம்மி. நான் ஒலியளவைக் கூட்டினேன். பாட்டோடு இரைச்சலும் ஏறியது. தாழ்ந்த சுருதியில் அடிக்கும் பாஸ் வரவே இல்லை. ஆடுகிறவரின் காலுக்குப் பாஸ்தான் வழிகாட்டி. இரண்டாம் சரணத்துக்குள் பாதிப் பேர் ஓரமாக ஒதுங்கி, மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நல்ல கைதட்டல்.

போலிக்கு ஆடினார்கள், அசலுக்குக் கைதட்டினார்கள். இன்னொரு வேடிக்கை: ‘ஒரிஜினல் வைனல் ஒன்லி’ என்று எழுதிய கூடத்தில், வைனலாக இருந்தது போலிதான். அசல் வைனலே இல்லை.

அன்று இரவு கூட்டிப் பெருக்கும்போது இதைப் பற்றி நீண்ட பேச்சு. இந்த விதி எதைக் காக்கிறது? ஒலியை என்று சொல்ல முடியாது. பாடியவரை என்றும் சொல்ல முடியாது. அசலுக்கு ஆயிரம் பவுண்டு கொடுத்தாலும் அது ஒரு சேகரிப்பாளரிடமிருந்து இன்னொரு சேகரிப்பாளருக்குத்தான் போகிறது. பூட்லெக்கிலும் பாடியவருக்கு ஒன்றுமில்லை. உரிமை வாங்கி, மூல டேப்பிலிருந்து வெளியிடும் மறுவெளியீட்டில் மட்டும்தான் அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ ஏதாவது போக வழி உண்டு. அதைத்தான் நாங்கள் தடை செய்திருந்தோம். விதி காப்பது தேடிய உழைப்பின் மரியாதையை. அதுவும் வெறும் பகட்டில்லை. எழுபதுகளில் யாரோ அமெரிக்கக் கிடங்குகளில் தூசி தட்டித் தேடியிராவிட்டால் இந்தப் பாட்டுகளே இன்று இல்லை. ஆனால் அந்த மரியாதையை டிஜேயின் பெட்டிக்குத் தரலாம். ஆடுகிறவரின் காதை அதற்கு ஈடாகக் கேட்பது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு நடந்தது

ஏற்பாட்டாளர் ஜூலையிலிருந்து விதியைத் திருத்தினார். பூட்லெக் எப்போதும் போலத் தடை. உரிமை பெற்ற மறுவெளியீட்டு 45 தட்டைப் போடலாம். மைக்கில் அதைச் சொல்லிவிட வேண்டும். மூத்த டிஜேக்களில் ஒருவர் விலகிக்கொண்டார். அவர் போனது எங்களுக்கு உண்மையான இழப்பு. அவருடைய பெட்டி போல ஒன்று இனி எங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி அந்த இடத்தில் வந்தாள். அசல் வாங்கக் காசில்லாதவள், ஆனால் எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு என்பதில் தேர்ந்தவள்.

ஜூலை இரவில் அவள் அதே பாட்டின் மறுவெளியீட்டைப் போட்டாள். பதினான்கு பவுண்டுத் தட்டு. டேப்பிலிருந்து எடுத்ததால் சொடுக்கு இல்லை, பிசிறு இல்லை. போலியில் முன்கூட்டியே மங்கிப்போன முடிவுப் பகுதி இதில் இன்னும் சில நொடி நீண்டது, பாடகர் கடைசியாக ஒருமுறை எழும்பிப் பாடுவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். தளம் நிறைந்தது. சேகரிப்பாளரும் இறங்கினார். நவம்பரிலிருந்து அந்தப் பாட்டு ஓடும்போதெல்லாம் அவர் டெக்குக்குப் பின்னால் நின்றிருந்தார், ஆட முடிந்ததில்லை.

இன்று செய்தால்

ஐந்நூறு பவுண்டுக்கு மேல் எதையும் இரவில் வாங்கக் கூடாது. விருப்பமிருந்தால் முன்பணம் கொடுத்து, பகலில் போய் முழுப் பாட்டையும் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்போது, ‘1966 அசல் அச்சு’ என்று விற்பவர் கையால் ஒரு துண்டுச் சீட்டு. அது இருந்திருந்தால் மீதி 450 பவுண்டும் வந்திருக்கும். எந்த ஆலையில் அச்சடித்தது, அந்த ஆலையின் அடையாளம் என்ன என்பதைத் தேடும் தட்டு ஒவ்வொன்றுக்கும் முன்பே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. கண்டவுடன் வரும் படபடப்பில் எதுவும் நினைவுக்கு வராது. என் பங்குக்கு, ஒரு தட்டு வயதுக்கு மீறி நன்றாக ஒலித்தால் இப்போது கேட்டுவிடுகிறேன். ஒருமுறை தவறாகவும் கேட்டு, ஒருவர் மனத்தைப் புண்படுத்தியிருக்கிறேன்.

விற்றவர் பெயரைச் சொல்லாமல் விட்டதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பாதிப் பணம் தந்தபோது விற்றவர் தட்டைத் திருப்பிக் கேட்டார். சேகரிப்பாளர் கொடுக்கவில்லை. அது அவருடைய பெட்டியிலேயே, மற்றவற்றோடு அகரவரிசையில் இருக்கிறது. உறையின் மேல் பென்சிலால் ‘பூட்லெக், வைனல், முத்திரை இல்லை’ என்று எழுதியிருக்கிறார். பென்சிலை அழித்துவிடுவார்கள் என்று ஏற்பாட்டாளர் சொன்ன பிறகு, லேபிளிலேயே பேனாவால் எழுதினார். தான் போன பிறகு பெட்டியை விற்க நேர்ந்தால் அந்த ஒன்றை மட்டும் உடைத்துப் போட்டுவிடும்படி மகளிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.